ஈக்கு ஏது மறதி நோய்? அல்சைமர் ஆய்வில் பழ ஈக்கள்

வாசகர் கேள்வி, 11 ஜனவரி 2025

பழ ஈயின் ஆயுளே இரண்டு மூன்று மாதம்தான். மூளை கசகசா அளவு. எழுபது வயதில் மனிதனுக்கு வரும் அல்சைமர் நோயின் மரபணுக்களை இந்த ஈயை வைத்து ஆராய்வது, கிணற்றில் தொலைத்த மோதிரத்தைக் குளத்தில் தேடுவது போல் இல்லையா? மனிதனின் நோய் மரபணுக்களில் 75 சதவீதம் ஈயிடமும் உண்டு என்று ஒவ்வொரு கட்டுரையிலும் எழுதுகிறார்கள். அப்படியானால் ஈக்கும் அல்சைமர் வர வேண்டுமே, வருகிறதா?

11 ஜனவரி 2025, இரவு

வராது. பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் ஐந்தாண்டுகள் இந்த ஈக்களோடு இருந்தேன். அல்சைமர் வந்த ஈ ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. நாங்கள் செய்தது வேறு. அல்சைமர் நோயாளிகளின் நரம்பணுக்களுக்குள் முடிச்சுகளாகத் திரளும் டௌ என்ற மனிதப் புரதத்தை ஈயின் நரம்பணுக்களில் உற்பத்தியாகும்படி செய்தோம்; அதனால் ஈக்கு என்ன கேடு நேர்கிறது என்று அளந்தோம்; பிறகு வேறொரு மரபணுவைக் கூட்டியோ குறைத்தோ அந்தக் கேடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தோம். நோயாளிகளின் மூளையில் படியும் இன்னொரு பொருளான அமிலாய்டு ஈயின் மூளையில் தானாக உருவாவதே இல்லை. அதையும் நாம்தான் வைக்க வேண்டும்.

கேடு எப்படி இருக்கும் என்றால், குழாயைத் தட்டியதும் நல்ல ஈக்கள் கண்ணாடிச் சுவரைப் பற்றிக்கொண்டு மேலே ஓடும். இருபதாம் நாளில், டௌ வைக்காத ஒப்பீட்டு ஈக்களில் இருபதுக்குப் பதினெட்டு பத்து நொடிக்குள் குழாயில் போட்ட கோட்டைத் தாண்டும். டௌ ஈக்களில் நான்குகூடத் தாண்டாது. இதை மறதி என்று நான் சொல்ல மாட்டேன். கால் தளர்வு என்று சொல்வேன்.

12 ஜனவரி 2025

அந்த 75 சதவீதத்தைப் பற்றி நேற்று எழுத விட்டுப்போயிற்று. ஈயின் மரபணுத்தொகுதி 2000ஆம் ஆண்டு வெளியானது. அடுத்த ஆண்டு, மனித நோயோடு தொடர்புடையவை என்று அறியப்பட்ட 929 மரபணுக்களை எடுத்து அவற்றுக்கு ஒத்த வரிசைகள் ஈயிடம் உண்டா என்று தேடினார்கள், 714க்குக் கிடைத்தன. 77 சதவீதம் என்பது அந்தக் கணக்கு, வாய்வழியாக வந்து 75 ஆகிவிட்டது. ஆனால் அந்த 714 மனித மரபணுக்களும் ஈயின் 548 மரபணுக்களில்தான் போய்ப் பொருந்தின. அதாவது நம்மிடம் அண்ணன் தம்பி என்று இரண்டு மூன்று இருக்கும் இடத்தில் ஈயிடம் ஒன்றே இருக்கிறது. இது குறையில்லை, வசதி. மனிதனில் ஒன்றை அணைத்தால் அதன் தம்பி வேலையைப் பார்த்துவிடும். ஈயில் அணைத்தால் வீடு இருண்டுவிடும். ஒத்த வரிசை என்பது அதே மரபணு என்று பொருள்படாது என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் அந்த எண்ணை மேற்கோள் காட்டுவது எனக்கு உவப்பில்லை.

14 ஜனவரி 2025

ஒரு நண்பர், மாமரத்தைக் கெடுக்கும் பழ ஈயா என்று கேட்டிருக்கிறார். இல்லை. காய்க்குள் முட்டை வைத்துத் துளைப்பது, மெத்தில் யூஜினால் பொறி வைத்து விவசாயிகள் பிடிப்பது, வேறு குடும்பத்து ஈ. நான் சொல்வது டிரோசோபிலா மெலனோகாஸ்டர்: கனிந்து கறுத்த வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்கும், மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத, சிவந்த கண்ணுடைய குட்டி ஈ. 1910ஆம் ஆண்டு நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் வெள்ளைக் கண்ணுடைய ஓர் ஆண் ஈயைக் கண்டதிலிருந்து இதன் ஆய்வகப் புகழ் தொடங்கியது. 25 டிகிரியில் வைத்தால் பத்து நாளில் அடுத்த தலைமுறை வந்துவிடும். நான்கு இணை குரோமோசோம்கள்தான். தீனி என்பது சோளமாவு, சர்க்கரை, ஈஸ்ட், அகர் சேர்த்துக் காய்ச்சிய கூழ். பூஞ்சை பிடிக்காமலிருக்கப் புரோப்பியானிக் அமிலம். அந்தக் கூழின் நெடி என் சட்டைகளில் ஐந்தாண்டுகள் இருந்தது.

மனிதப் புரதத்தை ஈக்குள் எப்படி வைக்கிறார்கள் என்ற கேள்விக்கு: 1993ஆம் ஆண்டு ஆண்ட்ரியா பிராண்டும் நோர்பர்ட் பெரிமோனும் வெளியிட்ட முறையில், ஈஸ்டிலிருந்து எடுத்த கால்-4 என்ற புரதத்தை ஒரு வம்சத்து ஈக்கள் சுமக்கும், ஆனால் வேண்டிய உறுப்பில் மட்டும். கால்-4 வந்து தொட்டால் மட்டுமே இயங்கும் மரபணுவை இன்னொரு வம்சம் சுமக்கும். ஒரு வீட்டில் சுவிட்சு, மறு வீட்டில் விளக்கு. சம்பந்தம் செய்து வைத்தால் பிள்ளைகளிடம் விளக்கு எரியும். இந்தச் சம்பந்தத்துக்குப் பெண் ஈ கன்னியாக இருக்க வேண்டும், ஏனெனில் ஒருமுறை கூடிய பெண் ஈ அந்த விந்தைப் பல நாள் சேமித்து வைத்துக்கொள்ளும். கூட்டிலிருந்து வெளிவந்த எட்டு மணி நேரத்துக்குள் பிடித்துப் பிரித்தாக வேண்டும். ஆகவே காலையில் முதல் வேலையும் இரவில் கடைசி வேலையும் கன்னி ஈ பொறுக்குவதே. என் திருமணத்தில் நண்பர்கள் இதை வைத்துச் செய்த கேலியை இங்கே எழுதுவதற்கில்லை.

பெரும்பாலோர் சுவிட்சை வைப்பது கண்ணில். மூளையை ஆராய்பவர்கள் ஏன் கண்ணில் வைக்கிறார்கள் என்று எனக்கும் முதலில் வியப்பாக இருந்தது. கண் கெட்டாலும் ஈ சாகாது. கெட்டது வெளியே தெரியும். அதிலும் நரம்பணுக்கள் உண்டு. ஏறத்தாழ 800 சிறு கண்கள் அறுகோண வரிசையில், பாய் முடைந்தது போல் ஒழுங்காக அமைந்திருக்கும். டௌ வந்ததும் அந்த முடைச்சல் குலையும். கண் சிறுத்து, மெழுகு உருகிக் கெட்டியானது போல் பளபளக்கும். நுண்ணோக்கியின் கீழ் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஒரு சுண்டெலியின் மூளையில் இதே கேள்விக்கு விடை காண ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும்.

18 ஜனவரி 2025

மேலே எழுதியதை மறுபடி படித்தபோது, எல்லாம் எளிதாக நடந்துவிடும் என்ற எண்ணம் ஏற்படுகிறது என்று தோன்றியது. ஆகவே என் கதையைச் சொல்கிறேன்.

கண்ணில் டௌ வைத்த ஈக்களை ஏறத்தாழ 200 வம்சங்களோடு கலப்புச் செய்தேன். ஒவ்வொரு வம்சமும் ஆர்என்ஏ குறுக்கீட்டு முறையில் ஒரு மரபணுவை அடக்கும். கண் இன்னும் கெட்டால் அந்த மரபணு டௌவின் கேட்டைத் தடுத்துக்கொண்டிருந்தது என்று பொருள். கண் தேறினால் அது கேட்டுக்கு உடந்தை என்று பொருள். எட்டு மாத முடிவில் நான்கு வம்சங்களில் கண் அழகாகத் தேறியிருந்தது. வாரக் கூட்டத்தில் படங்களைக் காட்டினேன். மூத்தவர் ஒருவர் ஒன்றே ஒன்று கேட்டார்: இரண்டாவது விளக்காக ஒரு வெற்று மரபணுவை வைத்துப் பார்த்தாயா?

வைக்கவில்லை. வைத்தேன். ஒளிரும் பச்சைப் புரதத்தை மட்டும் சுமந்த வம்சத்தோடு கலந்தபோதும் கண் அதே அளவு தேறியது. இருக்கும் கால்-4 ஒரே தொட்டி நீர். குழாய் ஒன்றாக இருந்தவரை முழுவதும் டௌவுக்குப் போயிற்று, இரண்டாவது குழாயைத் திறந்ததும் டௌவுக்குப் போவது குறைந்தது. டௌ குறைந்ததால் கண் தேறியது, நான் அடக்கிய மரபணுவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நான்கில் இரண்டு அப்படிப் போயின. மூன்றாவதில் கண்ணின் நிறம் ஏமாற்றிவிட்டது: வெளியிலிருந்து செருகிய ஒவ்வொரு மரபணுத் துண்டோடும் கண்ணுக்குச் சிவப்பு ஏற்றும் அடையாள மரபணு ஒன்று சேர்ந்தே வரும், இரண்டு துண்டுகள் இருந்தால் நிறம் அடர்த்தியாகும், அடர்ந்த கண் ஆரோக்கியமான கண்ணாகத் தெரியும். நான்காவது மட்டும் நின்றது.

இன்னொன்றும் உண்டு. கண்ணில் சுவிட்சு வைக்கும் அந்த வம்சம், டௌ எதுவும் இல்லாமலேயே, 29 டிகிரியில் வளர்த்தால் கண்ணைச் சொரசொரப்பாக்கிவிடும். கால்-4 அதிகமானால் அதுவே நஞ்சு. நோயைப் பார்க்கிறோம் என்று நினைத்துச் சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் எனக்கு உண்டு.

19 ஜனவரி 2025

நான்காவது என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். அதே மரபணுவின் வேறொரு பகுதியைக் குறிவைக்கும் இரண்டாவது வம்சத்தை வரவழைத்தேன். கண் தேறவில்லை. ஆக மொத்தம் சைபர்.

25 ஜனவரி 2025

முதல் குறிப்பில் நான் எழுதிய ஒரு வாக்கியம் தவறு. ஈயின் மூளையில் அமிலாய்டு தானாக உருவாவதே இல்லை என்று உறுதியாகச் சொல்லியிருந்தேன். அமிலாய்டு என்பது ஏபிபி என்ற பெரிய புரதத்தை பீட்டா செக்ரிடேஸ், காமா செக்ரிடேஸ் என்ற இரு நொதிகள் அடுத்தடுத்து வெட்டுவதால் விழும் துண்டு. ஈயிடம் ஏபிபிஎல் என்ற உறவுக்காரப் புரதம் உண்டு. 1992ஆம் ஆண்டிலேயே, ஏபிபிஎல் இல்லாத ஈக்களின் நடத்தைக் குறையை மனித ஏபிபி ஓரளவு சரிசெய்கிறது என்று கல்பனா வைட்டின் குழு காட்டிவிட்டது. காமா செக்ரிடேஸும் ஈயிடம் முழுமையாக உண்டு. பீட்டா செக்ரிடேஸ் மட்டும் இல்லை என்றுதான் நான் படித்த காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தோம். 2009ஆம் ஆண்டு அதைப் போன்ற நொதி ஒன்று ஈயிலும் இருக்கிறது என்றும், ஏபிபிஎல்லிலிருந்து விழும் துண்டும் படியக்கூடியது, நஞ்சாகக்கூடியது என்றும் வெளியாயிற்று. மனித அமிலாய்டின் வரிசை அதில் இல்லை என்பது உண்மை. ஆனால் அதுபோன்ற ஒன்று விழவே விழாது என்று நான் சொன்னது பழைய பாடம்.

மனித அமிலாய்டையே நேரடியாக வைத்தவர்களும் உண்டு. 2004ஆம் ஆண்டு அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில், 40 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டை ஒரு கூட்டத்துக்கும் 42 கொண்டதை மறு கூட்டத்துக்கும் வைத்தார்கள். மணத்தையும் மின்னதிர்ச்சியையும் இணைத்துக் கற்கும் திறன், வயது ஏற ஏற, இரண்டு கூட்டத்திலும் குறைந்தது. ஆனால் படிவும் நரம்பணு அழிவும் 42ல் மட்டுமே. இரண்டே இரண்டு அமினோ அமிலங்களின் வேறுபாடு. படிவே இல்லாமலும் கற்றல் குறையலாம் என்பது எனக்கு அந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம். முதல் நாள் நான் கால் தளர்வு என்று ஒதுக்கியதையும் இங்கே திருத்திக்கொள்கிறேன்: ஈயின் நினைவை அளக்க முடியும், அளந்தும் இருக்கிறார்கள், நான் அளக்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு வழி திறந்தவர் கலிபோர்னியாவில் இருந்த சீமோர் பென்சர். அவருடைய மாணவர்கள் 1976ஆம் ஆண்டு கற்க முடியாத ஈ ஒன்றைக் கண்டு அதற்கு டன்ஸ், அதாவது மக்கு, என்று பெயரிட்டார்கள். அடுத்து வந்தவற்றுள் ஒன்று ரூட்டபேகா. அது ஒரு கிழங்கின் பெயர். பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தை நிறுவிய ஓபைத் சித்திகியும் பென்சரோடு சேர்ந்து உழைத்தவரே. சூடு ஏறினால் முடங்கிவிழும் ஈக்களைப் பற்றி 1976ஆம் ஆண்டு இருவரும் எழுதினார்கள்.

2 பிப்ரவரி 2025

ஈயினால் அல்சைமருக்கு என்ன கிடைத்தது, ஒரு மருந்தாவது உண்டா என்ற கேள்வி வந்திருக்கிறது. மருந்து கிடைக்கவில்லை. ஒரு மருந்து தோற்றதற்குக் காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுவது, மருந்து தோற்பதற்குப் பத்தாண்டுக்கு முன்பே ஈயிடம் கிடைத்திருந்தது. இது வேடிக்கையாகச் சொல்வதில்லை.

இளம் வயதிலேயே குடும்பத்தில் தொடர்ந்து வரும் அல்சைமருக்குக் காரணமான பிரெசெனிலின்-1 மரபணு 1995ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. அது உடலில் என்ன வேலை செய்கிறது என்று அப்போது யாருக்கும் புரியவில்லை. ஈயில் அதை நீக்கிப் பார்த்தபோது, 1999ஆம் ஆண்டு, அந்த ஈக்கள் நாட்ச் மரபணு கெட்ட ஈக்களைப் போலவே இருந்தன. நாட்ச் என்பது மார்கனின் குழுவினர் 1910களில் கண்டது: ஓரத்தில் கத்தரித்தது போல் பிளவுபட்ட இறகு. உயிரணுக்கள் தமக்குள் பேசி யார் நரம்பணு ஆவது, யார் தோல் அணு ஆவது என்று முடிவு செய்யும் வழிகளில் அது முதன்மையானது. அமிலாய்டை வெட்டும் காமா செக்ரிடேஸே நாட்சையும் வெட்டுகிறது. பிரெசெனிலின் அந்த நொதியின் வெட்டும் அலகு. நியாயமாகச் சொன்னால் இதில் முதல் துப்பு கொடுத்தது புழு: சி. எலிகன்ஸில் பிரெசெனிலினின் உறவு மரபணுவை 1995ஆம் ஆண்டிலேயே நாட்ச் வழியோடு இணைத்திருந்தார்கள். ஈக்காரர்கள் புழுக்காரர்களைக் குறிப்பிட மறந்துவிடுவது பழைய வழக்கம், நான் அதைச் செய்ய விரும்பவில்லை.

பின்னர் காமா செக்ரிடேஸை அடக்கினால் அமிலாய்டு குறையும் என்று செமகசெஸ்டாட் என்ற மருந்து பெரிய சோதனை வரை போனது. 2010ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. மருந்து உண்டவர்களின் அறிவுத்திறன், உண்ணாதவர்களைவிட மோசமாயிற்று. தோல் புற்றுநோயும் கூடியது. தோல் புற்றுநோய்க்கு நாட்ச் தடைப்பட்டதே காரணமாகக் கருதப்படுகிறது. இறகில் விழுந்த ஒரு பிளவை யாரோ குறித்து வைத்திருந்தார்கள் என்பதை நினைத்துக்கொள்கிறேன்.

9 பிப்ரவரி 2025

கொழுப்பைச் சுமக்கும் புரதத்துக்கான ஏபோ-ஈ மரபணு பற்றிக் கேட்டவருக்கு. முதுமையில் வரும் பொதுவான அல்சைமருக்கு மிக வலுவான மரபணுக் காரணி அதுவே, குறிப்பாக நான்காம் வகை. 1993ஆம் ஆண்டு தெரியவந்தது. பெயரிலேயே ஈ இருந்தும் ஈயிடம் இல்லாத மரபணு அது. இப்படி இல்லாதவை வேறும் உண்டு. நம் மூளையைச் சுத்தம் செய்யும் மைக்ரோகிளியா ஈக்குக் கிடையாது. அந்த வேலையை நரம்பணுக்களுக்குத் துணையாக இருக்கும் அதன் கிளியா அணுக்களே பார்க்கின்றன. ஆகவே ஈயின் எல்லை எது என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்த இடத்தைத்தான்.

ஆனால் இல்லாததும் பயன்பட்டது. ஹூஸ்டனில் ஹியூகோ பெல்லன் குழுவினர், நரம்பணு நெருக்கடியில் இருக்கும்போது தன் கெட்டுப்போன கொழுப்பைப் பக்கத்துக் கிளியாவிடம் கொடுத்துவிடுகிறது, கிளியா அதைத் துளிகளாகச் சேர்த்து வைத்துக்கொள்கிறது என்று ஈயில் கண்டார்கள். கொடுப்பதற்கு ஒரு சுமைக்காரன் தேவை. ஈயில் அந்த வேலைக்கு வேறு புரதங்கள் உண்டு. அவற்றை எடுத்துவிட்டு மனித ஏபோ-ஈயை வைத்தார்கள். இரண்டாம், மூன்றாம் வகைகள் சுமந்தன. நான்காம் வகை சுமக்கவில்லை. கிளியாவில் துளிகள் சேரவில்லை, நரம்பணு அழிந்தது. இது 2017ஆம் ஆண்டு. ஈயிடம் அந்த மரபணு இல்லாததாலேயே மூன்று வகைகளையும் காலி மேடையில் தனித்தனியாக நிறுத்திப் பார்க்க முடிந்தது.

10 பிப்ரவரி 2025

ஈயின் நரம்பணுவிலும் டௌ முடிச்சு விழுமா, அதை ஏன் எழுதவில்லை என்று கேட்டவர் சரியாகவே கேட்டிருக்கிறார். பாஸ்டனில் மெல் ஃபீனியின் குழு 2001ஆம் ஆண்டு வெளியிட்ட முதல் டௌ ஈக்களில் நரம்பணுக்கள் அழிந்தன, ஆயுள் குறைந்தது, ஆனால் மனித மூளையில் காணும் டௌ முடிச்சுகள் இல்லை. அடுத்த ஆண்டு வேறொரு குழு, டௌவில் பாஸ்பேட்டை ஏற்றும் ஷாகி என்ற நொதியையும் கூட்டியபோது முடிச்சு போன்றவை தோன்றின என்று எழுதியது. நான் முதல் தாளை மட்டுமே மனத்தில் வைத்திருந்தேன்.

23 பிப்ரவரி 2025

கிணறு, குளம் என்ற அந்த உவமைக்குத் திரும்புகிறேன்; ஆறு வாரமாக அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஆயிரக்கணக்கான நோயாளிகளின் மரபணுத்தொகுதியை மற்றவர்களோடு ஒப்பிடும் பெரிய ஆய்வுகள், குரோமோசோமில் இன்ன இடத்தில் ஏதோ இருக்கிறது என்று சொல்லும். தெருப் பெயர் கிடைக்கும், கதவு எண் கிடைக்காது. அந்தத் தெருவில் ஐந்தாறு மரபணுக்கள் குடியிருக்கலாம். 2014ஆம் ஆண்டு ஜோஷுவா ஷுல்மன் குழுவினர் அத்தகைய தெருக்களிலிருந்த மரபணுக்களின் ஈ உறவுகளை ஒவ்வொன்றாகக் கூட்டியும் குறைத்தும் டௌ ஈயின் கண் என்னவாகிறது என்று பார்த்தார்கள். சிடி2ஏபி என்ற மனித மரபணுவுக்கு ஈயில் இணையானது சிண்டர். அதைக் குறைத்தால் டௌவின் கேடு கூடியது. கதவைத் தட்டிக் கேட்பது என்றால் இதுதான். மோதிரத்தை யாரும் ஈயிடம் தேடவில்லை. எந்த வீட்டில் விசாரிப்பது என்று மட்டுமே கேட்டார்கள்.

இதே சோதனையை மனிதனில் இயற்கை செய்த இடம் ஒன்று உண்டு. கொலம்பியா நாட்டின் அந்தியோக்கியா மலைப்பகுதியில், பிரெசெனிலின்-1ல் ஒரே பிறழ்வைச் சுமக்கும் பெரிய குடும்பக் கிளைகள் இருக்கின்றன. பிறழ்வு உள்ளவர்களுக்கு நாற்பது சொச்சம் வயதிலேயே நினைவு தளரத் தொடங்கும். அவர்களுள் ஒரு பெண்ணுக்கு எழுபது வயதைத் தாண்டும் வரை தளரவில்லை. அவரிடம் ஏபோ-ஈயின் அரிய மாற்றம் ஒன்று இரு பிரதியாக இருந்தது என்று 2019ஆம் ஆண்டு வெளியாயிற்று. மூளையில் அமிலாய்டு நிறைய இருந்தது, டௌ மட்டும் குறைவு. அந்தக் கட்டுரையைப் படித்தபோது எனக்கு என் 200 வம்சங்கள் நினைவுக்கு வந்தன. ஒரு மரபணு கெடுக்கிறது, இன்னொன்று அதை மட்டுப்படுத்துகிறது. அங்கே அப்படி ஒருவர் அமைவதற்குப் பல தலைமுறைகள் ஆயின. அவரைக் கண்டுகொள்ள மருத்துவர்கள் அந்தக் குடும்பங்களோடு பல பத்தாண்டுகள் இருக்க வேண்டியிருந்தது. ஈக்குப் பத்து நாள்.

2024 அக்டோபரில் ஈயின் மூளை முழுவதையும் வரைபடமாக்கி வெளியிட்டார்கள்: 1,39,255 நரம்பணுக்கள், ஐந்து கோடிக்கு மேற்பட்ட இணைப்புகள். கசகசாவுக்கு அது குறைவில்லை.

16 மார்ச் 2025

ஊருக்குப் போனபோது பழைய ஆய்வகக் குறிப்பேடு ஒன்று பரணில் கிடைத்தது. முதல் நாள் நினைவிலிருந்து எழுதிய எண்ணிக்கையைச் சரிபார்த்தேன். இருபதாம் நாள் ஒப்பீட்டு ஈக்கள் இருபதுக்குப் பதினான்கு. டௌ ஈக்கள் ஏழு. பதினெட்டு, நான்கு என்று நான் எழுதியது, ஆண்டுகள் போகப் போக என் மனம் இரு பக்கமும் இழுத்துவிட்டதன் விளைவாக இருக்கலாம்.

அதே பக்கத்தில், அடுத்த நாள் கணக்குக்கு எதிரே, ஒப்பீட்டு ஈக்களில் திடீரென்று ஒன்பதுதான் ஏறியதாக இருக்கிறது. ஓரத்தில் என் கையெழுத்தில், சிவப்பு மையில்: “இன்று குழாயைத் தட்டியது யார்?”